முதலில் அகப்பட்ட வைரஸ்

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் மரவள்ளியைத் தேடிப் போக வேண்டியதில்லை. சேர்வராயன் மலையடிவாரத்தில், வாணியாற்றுத் தண்ணீர் எட்டுகிற இடத்திலும் எட்டாத மேட்டிலும் அது நிற்கும். கிழங்கு சேகோ ஆலைக்குப் போகிறது. மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பி கால்நடைத் தீவனமாக ஊருக்குள் திரும்பி வருகிறது. மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டினால் சேலம். அங்கே ஓட்டல்களும் விடுதிகளும் கொட்டுகிற மிச்சச் சோற்றுக்குக் குறைவில்லை. வெண்பன்றிப் பண்ணை வைக்க நினைக்கும் ஒருவருக்கு இந்த இரண்டும் போதும், கணக்குப் போட உட்கார்ந்துவிடுவார். ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு எட்டோ பத்தோ குட்டி, எட்டு மாதத்தில் எடைபோட்டு விற்பனை. காகிதத்தில் கணக்கு நன்றாகவே வரும்.

கணக்கு பிசகுவது பெரும்பாலும் பால் மறந்த குட்டிகளிடம்தான். தாயிடமிருந்து பிரித்துச் சில வாரங்கள் ஆகியிருக்கும். நன்றாகத் தின்றுகொண்டிருந்தவை இளைக்கத் தொடங்கும். தோல் வெளிறும், முதுகெலும்பு தெரியும், சிலதுக்கு மூச்சு வாங்கும், சிலதுக்குக் கழிச்சல். மருந்து கொடுத்தால் இரண்டு நாள் தேறி மூன்றாம் நாள் படுத்துவிடும். பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்ட மந்தையிலும் இது நடக்கும். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஒரு வைரஸின் பெயர் வரும். பெயர் கிடைத்ததும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி, தேடல் அத்தோடு நின்றுவிடும்.

அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்பதுதான் பன்றி நோயியல் கடந்த நூற்று நாற்பது ஆண்டுகளில் திரும்பத் திரும்பக் கற்ற பாடம். பண்ணைப் பன்றியின் உடலில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வைரஸ்கள் இருப்பது அபூர்வமன்று, அன்றாட நடப்பு. அவற்றில் எது கொன்றது என்று கேட்பதைவிட, எது எதற்கு வழிவிட்டது என்று கேட்பதே பயன்தரும்.

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் பன்றிகளை வாரிக்கொண்டு போன நோய்க்கு ஹாக் காலரா என்று பெயர். இன்று நாம் கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சல் என்பது அதைத்தான். 1885இல் டேனியல் சால்மனும் தியோபால்ட் ஸ்மித்தும் செத்த பன்றிகளின் குடலில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, அதுவே காரணம் என்று அறிவித்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தது, வளர்க்க முடிந்தது, மீண்டும் மீண்டும் கிடைத்தது. வேறென்ன சான்று வேண்டும்? ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த முடிவு நின்றது. 1903 வாக்கில் எமில் டி ஷ்வைனிட்ஸும் மேரியன் டார்செட்டும் நோயுற்ற பன்றியின் இரத்தத்தைப் பாக்டீரியா புகமுடியாத வடிகட்டியில் வடித்து, அந்தத் தெளிவை நல்ல பன்றிக்குள் செலுத்தினார்கள். நோய் வந்தது. காரணம் வைரஸ். பாக்டீரியாவோ வைரஸ் உடைத்துப்போட்ட உடலில் பிறகு பெருகியது. அந்தப் பாக்டீரியா இன்றும் சால்மனின் பெயரைத் தாங்கி சால்மோனெல்லா என்று உலவுகிறது.

அடுத்த பாடம் இன்னும் நுட்பமானது. 1931இல் ரிச்சர்ட் ஷோப், அயோவா மாநிலப் பன்றிகளின் இன்ஃப்ளூயன்சாவை ஆராய்ந்து மூன்று கட்டுரைகள் வெளியிட்டார். வடிகட்டிய வைரஸை மட்டும் செலுத்தினால் பன்றி லேசாகத் துவண்டு எழுந்துவிட்டது. கூடவே கிடைத்த ஹீமோஃபிலஸ் பாக்டீரியாவை மட்டும் செலுத்தினால் ஒன்றுமே ஆகவில்லை. இரண்டையும் சேர்த்துச் செலுத்தியபோதுதான் பண்ணையில் பார்த்த கடுமையான நோய் அப்படியே வந்தது. ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்ற இலக்கணத்தில் அடங்காத நோய் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை அந்தக் காலத்தில் இல்லை. மனித இன்ஃப்ளூயன்சா வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1933இல்தான் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தக் கதையின் மையப் பாத்திரம் ஒரு மிகச் சிறிய வைரஸ். 1974இல் பெர்லினில், ராபர்ட் கோஹ் பெயர் கொண்ட நிறுவனத்தில், இல்ஸே டிஷரும் உடன் பணியாற்றியவர்களும் பன்றிச் சிறுநீரக செல்களை வளர்த்த குடுவையில் அழையா விருந்தாளியாக ஒரு வைரஸைக் கண்டார்கள். விட்டம் சுமார் 17 நானோமீட்டர். வட்டமாக மூடிய ஒற்றை இழை டிஎன்ஏ. பின்னர் அதற்குச் சர்க்கோ வைரஸ் என்று பெயரிட்டார்கள். அது பன்றிக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. 1990களின் தொடக்கத்தில் மேற்குக் கனடாவில் பால் மறந்த குட்டிகள் மேலே சொன்ன மாதிரியே இளைத்துச் சாகத் தொடங்கின. அந்தக் குட்டிகளின் நிணநீர்க் கணுக்களிலிருந்து 1990களின் பிற்பாதியில் பிரித்தெடுத்தது அதே குடும்பத்தின் இன்னொரு வைரஸ், சர்க்கோ 2. அதன் மொத்த மரபுத் தகவலும் ஏறத்தாழ 1,768 எழுத்துகள். கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சல் வைரஸுக்கு இது சுமார் 12,300. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸுக்கு ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல்.

குற்றவாளி கிடைத்தாயிற்று என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஆய்வகத்தில் சர்க்கோ 2ஐ மட்டும் குட்டிகளுக்குக் கொடுத்தபோது நோய் சரியாக வரவில்லை. வைரஸ் உடலில் தங்கியது, குட்டி தின்று வளர்ந்தது. உடன் பன்றிப் பார்வோ வைரஸையும் கொடுத்ததும் முழு நோயும் மூண்டது. இதை 1999ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் தனித்தனியே காட்டினார்கள். 2001இல் ஸ்டீவன் கிராகோவ்காவின் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. கிருமியே படாமல் வளர்த்த குட்டிகளுக்குச் சர்க்கோ 2 கொடுத்து, இரண்டாவது வைரஸுக்குப் பதிலாக, எதிர்ப்பாற்றலைக் கிளறிவிடும் ஒரு புரதத்தை எண்ணெய்க் கலவையோடு ஊசியில் ஏற்றினார்கள். அப்போதும் நோய் முழுவீச்சில் வந்தது.

இது ஏன் என்று புரிந்துகொண்டால் கூட்டுத் தொற்றின் பாதி விளங்கிவிடும். இவ்வளவு சிறிய வைரஸுக்குத் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கச் சொந்த நொதி கிடையாது. செல் தானே பிளவுபடத் தயாராகி, தன் டிஎன்ஏவைப் படியெடுக்கும் வேளையில்தான் இதுவும் பெருக முடியும். கல்யாண வீட்டு அடுப்பு மூண்டால்தான் தன் சோற்றையும் ஆக்கிக்கொள்ள முடிகிற விருந்தாளியைப் போல அது காத்திருக்கிறது. இன்னொரு கிருமி உள்ளே நுழைந்து, அதை எதிர்க்க நோய்த்தடுப்பு செல்கள் மளமளவென்று பிளவுபடத் தொடங்கும் நேரம் இதற்கு வாய்ப்பான நேரம். பெருகிப் பெருகி, கடைசியில் அந்தத் தடுப்பு அமைப்பையே காலி செய்துவிடுகிறது. உடலைக் காக்க எழும் எழுச்சியே உடலைக் கவிழ்க்கிற இந்த முறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஜெர்மனியில் பாதுகாத்து வைத்திருந்த பழைய திசுக்களைப் பின்னாளில் சோதித்தபோது 1962ஆம் ஆண்டு மாதிரியிலேயே சர்க்கோ 2 இருந்தது. அதாவது நோய் பெரிதாக வெடிப்பதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே வைரஸ் பன்றிகளிடையே இருந்திருக்கிறது. இடையில் வைரஸும் உருமாறியது, வளர்ப்பு முறையும் மாறியது. குட்டிகளைச் சீக்கிரம் பிரித்து, பல தாய்களின் குட்டிகளை ஒரே கொட்டிலில் கலந்து, நெருக்கி வளர்க்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஈற்றும் தன் தாயிடமிருந்து ஒவ்வொரு விதமான தொற்றையும் ஒவ்வொரு அளவு எதிர்ப்பையும் எடுத்துவருகிறது. அவை கலக்கும் இடத்தில் வைரஸ்களும் கலக்கின்றன.

இன்னொரு வைரஸ் வேறு வழியில் வேலை செய்கிறது. சுருக்கமாகப் பிஆர்ஆர்எஸ் என்று அழைக்கப்படும் இனப்பெருக்க, சுவாச நோயின் வைரஸ் அது. 1991இல் நெதர்லாந்தின் லெலிஸ்டாட் ஆய்வகத்தில் பிரித்தெடுத்தார்கள். நுரையீரலின் காற்றறைகளைத் துப்புரவாக்கும் பெருவிழுங்கி செல்களுக்குள், அவற்றின் மேலிருக்கும் சிடி163 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு நுழைந்து, அவற்றையே அழிக்கிறது. அதன்பின் நுரையீரலில் காவல் இல்லை. மைக்கோபிளாஸ்மா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், இன்ஃப்ளூயன்சா, சர்க்கோ 2 எது வந்தாலும் தடையில்லை. சிடி163ஐ மரபணு அளவில் மாற்றி இந்த வைரஸ் நுழையமுடியாதபடி உருவாக்கிய பன்றியை 2025 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. அது நம் ஊர்க் கொட்டிலுக்கு வரும் நாள் தொலைவில் இருக்கிறது.

இந்தியாவுக்கு இவை எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சல் 1944இல் அலிகாரில் பதிவானது, இன்றும் நாட்டில் நிலைத்திருக்கிறது. இஜத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரை, கலப்பினப் பன்றிகளில் கரு தங்காமையையும் பிறந்த குட்டிகளின் சாவையும் பார்வோ, சர்க்கோ 2 ஆகிய இரண்டு வைரஸ்களோடும் சேர்த்துப் பேசியது. நம் நாட்டில் சர்க்கோ 2 பற்றிய தொடக்ககாலப் பதிவுகளில் ஒன்றே கூட்டுத் தொற்றாகத்தான் வந்திருக்கிறது. பிஆர்ஆர்எஸ் 2013இல் மிசோரமில் தலைகாட்டியது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் உறுதியானது. 2022 ஜூலையில் அது வயநாட்டின் மானந்தவாடியில். 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்துக் கிடந்தன, சோதித்ததில் அதே வைரஸ்.

முதுமலைச் செய்தியைப் பாப்பிரெட்டிப்பட்டிக்காரர் தூரத்துச் சேதியாக ஒதுக்க முடியாது. சேர்வராயன் அடிவாரத்தில் மரவள்ளி போட்டவருக்கும் நிலக்கடலை போட்டவருக்கும் காட்டுப்பன்றி புதிதல்ல, இராத்திரிக் காவலுக்கே அதுதான் காரணம். தின்று மிச்சம் வைத்த கிழங்கு, உமிழ்நீர் பட்ட மண், வயலில் செத்துக் கிடக்கும் உடல், இவற்றைத் தொட்ட கையோடும் செருப்போடும் கொட்டிலுக்குள் போகிறவர் தன்னை அறியாமலேயே பாலம் போடுகிறார்.

தடுப்பூசி போட்டும் செத்ததே என்ற கேள்விக்கு வருகிறேன். இது விவசாயியின் நியாயமான கேள்வி. அதற்கு ‘ஊசி சரியாக வைக்கப்படவில்லை’ என்று பதில் சொல்லிக் கடந்துபோவது நியாயமல்ல. குளிர்ச்சி கெட்ட ஊசி ஒரு காரணம். தாயிடமிருந்து சீம்பாலில் வந்த எதிர்ப்பொருள் இன்னும் இருக்கும்போதே ஊசி போட்டால் அது ஊசியில் உள்ள வைரஸையே செயலிழக்கச் செய்துவிடும், இது இரண்டாவது காரணம். மூன்றாவது காரணம் பலர் காதுக்கு எட்டாதது. சர்க்கோ 2 ஏற்கெனவே உடலில் இருந்தால் கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியின் பலன் குறைகிறது என்று தைவான் ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். பிஆர்ஆர்எஸ் தொற்றும் அதே தடுப்பூசியைக் கெடுக்கிறது என்று தாய்லாந்தில் கண்டார்கள். ஆக, ஊசி நல்ல ஊசியாகவே இருக்கலாம், போட்டவர் சரியாகவே போட்டிருக்கலாம். அதை வாங்கிக்கொள்ளும் நிலையில் குட்டி இல்லை.

இந்தத் தடுப்பூசியை நம் நாட்டில் நெடுங்காலம் முயலில் தயாரித்தார்கள். ஒரு முயலின் மண்ணீரலிலிருந்து சுமார் 50 டோஸ்தான் கிடைக்கும். செல் வளர்ப்பில் தயாராகும் உள்நாட்டு வகையை இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் 2020 பிப்ரவரியில் வெளியிட்ட பிறகு முயல் தேவைப்படவில்லை, செலவும் பல மடங்கு குறைந்தது. இதைப் பெரிய சாதனையாகவே கருதுகிறேன். ஏனென்றால் கூட்டுத் தொற்றை முறியடிக்க எல்லா வைரஸையும் ஒழிக்க வேண்டியதில்லை. கூட்டாளிகளில் ஒன்றை விலக்கினாலே போதும், மற்றவற்றின் பலம் பெரிதும் குன்றிவிடும். 2000களின் நடுவில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சர்க்கோ 2 தடுப்பூசி வந்தபோது இதுதான் நடந்தது. பிஆர்ஆர்எஸ் போகவில்லை, மைக்கோபிளாஸ்மா போகவில்லை. ஆனாலும் குட்டிச் சாவு கண்கூடாகக் குறைந்தது.

ஆய்வகத்தில் என்ன நடக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. காது நுனியும் அடிவயிறும் சிவந்து ஊதாவாகி, கடும் காய்ச்சலில் பன்றிகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தால் அது கிளாசிக்கலா ஆப்பிரிக்கமா என்று எவ்வளவு அனுபவமுள்ள மருத்துவராலும் பார்வையால் சொல்ல முடியாது. இரண்டுக்கும் பெயரளவில்தான் உறவு. ஒன்று ஆர்என்ஏ வைரஸ், மற்றது டிஎன்ஏ வைரஸ். ஒன்றுக்குத் தடுப்பூசி உண்டு, மற்றதற்கு நம் நாட்டில் இல்லை. மந்தையில் இரண்டும் இருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே ஒன்றுக்கு ‘பாசிட்டிவ்’ வந்தது என்று மற்றதைச் சோதிக்காமல் விடுவது ஆபத்து. ஒரே பிசிஆர் ஓட்டத்தில் நான்கைந்து வைரஸ்களைத் தேடும் முறை இருக்கிறது, அதை வழக்கமாக்க வேண்டும்.

இதில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நலமாக இருக்கும் பன்றியிலும் பிசிஆர் சர்க்கோ 2ஐக் காட்டும். அது அவ்வளவு பரவலான வைரஸ். மாதிரியில் இருந்தது என்பதாலேயே அது கொன்றது என்றாகாது. எவ்வளவு இருந்தது, நிணநீர்க் கணுவில் லிம்ஃபோசைட் என்ற நோய்த்தடுப்பு செல்கள் அழிந்திருக்கின்றனவா, அழிந்த இடத்தில் அந்த வைரஸ் இருக்கிறதா என்று நுண்ணோக்கியின் கீழ் பார்த்த பிறகே அதன்மேல் பழி போடலாம்.

முதலில் கிடைத்த பெயரோடு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியா மறக்கமுடியாத சாட்சி. 1998 செப்டம்பரில் ஈப்போவை ஒட்டிய பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. பன்றி, கொசு, மூளைக் காய்ச்சல் என்றதும் ஜப்பானிய மூளையழற்சி என்று முடிவு கட்டினார்கள். சில நோயாளிகளில் அதற்குச் சான்றும் இருந்தது. கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை, பன்றிகள் லாரியேறி நெகிரி செம்பிலானுக்குப் போக நோயும் கூடவே போனது. தடுப்பூசி போட்டவர்களும் சாகிறார்களே, குழந்தைகளை விட்டுப் பன்றியைத் தொடும் ஆண்களையே ஏன் பிடிக்கிறது என்ற கேள்வியை விடாமல் பிடித்தவர்களில் ஒருவரான சுவா காவ் பிங், 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் புது வைரஸைப் பிரித்தெடுத்தார். அதுதான் நிபா. மலேசியாவில் மட்டும் 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள்.

மனிதருக்குக் கூட்டுத் தொற்று கவலை தருவது இன்னொரு வகையிலும். பன்றியின் மூச்சுக்குழாய் செல்களில் பறவை இன்ஃப்ளூயன்சா ஒட்டும் பிடிமானமும் உண்டு, மனித இன்ஃப்ளூயன்சா ஒட்டும் பிடிமானமும் உண்டு. அந்த வைரஸின் மரபுப் பொருள் எட்டுத் துண்டுகளாக இருப்பதால், இரண்டு வகை ஒரே செல்லுக்குள் நுழைந்தால் துண்டுகள் மாறிச் சேர்ந்து மூன்றாவது வகை வெளியே வரும். 2009இல் உலகெங்கும் பரவிய எச்1என்1 பல பத்தாண்டுகளாகப் பன்றிகளுக்குள் நடந்த இப்படிப்பட்ட கலப்புகளின் விளைவு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தொற்றாது. ஆனால் அதன் இரண்டு மரபு வகைகள் கலந்து உருவான புதிய வகையைச் சீனாவில் கண்டறிந்து 2023இல் அறிவித்தார்கள். இரண்டும் ஒரே பன்றிக்குள் சந்தித்திருந்தால்தான் அது நடந்திருக்கும்.

கொட்டிலில் செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. குட்டிகளைப் பல இடங்களில் ஒன்றிரண்டாக வாங்கிச் சேர்ப்பதைவிட, ஓசூர் அரசுப் பண்ணையோ காட்டுப்பாக்கம் பல்கலைக்கழகப் பண்ணையோ, நம்பிக்கையான ஒரே இடத்தில் மொத்தமாக வாங்குவது நல்லது. வந்தவற்றை 30 நாளாவது தனியே வைத்துப் பார்க்க வேண்டும். இனச்சேர்க்கைக்குக் கிடாவை ஊர் ஊராக இரவல் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் பார்வோ, சர்க்கோ 2, பிஆர்ஆர்எஸ் மூன்றும் விந்து வழியே போகக்கூடியவை. ஒரு தொகுதிக் குட்டிகள் முழுதும் வெளியேறிய பின் கொட்டிலைக் கழுவி, கிருமிநாசினி அடித்து, காயவிட்டு அடுத்த தொகுதியை ஏற்ற வேண்டும். திப்பியை ஈரத்தோடு குவித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நஞ்சும் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால், வைரஸ் அல்லாத ஒரு கூட்டாளியை நாமே தீவனத்தில் சேர்த்தவர்கள் ஆவோம்.

ஓட்டல் சோற்றை அப்படியே கொட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அதில் கிடக்கும் ஒரு துண்டுப் பன்றி இறைச்சி போதும். அதைக் குறைந்தது 90 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம் விடாமல் கிளறிக் காய்ச்ச வேண்டும் என்பது உலக விலங்குச் சுகாதார அமைப்பின் விதி. விறகுச் செலவைச் சொல்லி இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அவர்களுடைய இக்கட்டு புரிகிறது. ஆனாலும் காய்ச்சாத சோற்றைவிடச் சோறே போடாமலிருப்பது மேல் என்றுதான் சொல்வேன்.

பன்றிகள் தொடர்ந்து சாகும்போது அதை மறைத்து, மிச்சத்தை அவசரமாக வியாபாரிக்குத் தள்ளிவிடும் ஆசை எழும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் எல்லாப் பன்றிகளையும் கொல்ல வேண்டும் என்பது தேசியச் செயல்திட்டம், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. அந்தப் பயத்தில்தான் மறைக்கிறார்கள். கொல்லப்படும் பன்றிக்கு மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதியாகப் பகிரும் இழப்பீடு உண்டு. அது கைக்கு விரைவாக வந்தால்தான் அடுத்த ஊர்க்காரர் வாய் திறப்பார். அந்த வேகத்தை அரசிடம் நாம் கேட்டாக வேண்டும்.

சந்தேகம் வந்ததும் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழைக்கலாம், தருமபுரியிலேயே கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவும் குண்டல்பட்டியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையமும் இருக்கின்றன. செத்த பன்றியைக் கொட்டிலில் வைத்து அறுக்கக் கூடாது, சிந்தும் இரத்தமே அடுத்த பன்றிக்குத் தொற்றாகும். மருத்துவர் வந்து மண்ணீரல், நிணநீர்க் கணு, தொண்டைச் சுரப்பி, நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் துண்டுகளையும், காய்ச்சலில் கிடக்கும் உயிருள்ள பன்றியின் இரத்தத்தையும் எடுத்துப் பனிக்கட்டியில் வைத்து அனுப்புவார். அப்போது எந்தெந்தத் தடுப்பூசி எப்போது போட்டது, குட்டிகள் எங்கெங்கிருந்து வந்தவை, என்ன தீனி, பக்கத்துக் காட்டில் காட்டுப்பன்றி ஏதும் செத்துக் கிடந்ததா என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வைரஸின் பெயரோடு முடிவு திரும்பி வந்தால், மற்றவற்றுக்கும் சோதித்தீர்களா என்று கேட்கும் உரிமை பன்றி வளர்ப்பவருக்கு உண்டு.